கேம்ப்புக்கு எந்தக் கொசு விரட்டி?

நோட்டீஸ் போர்டில் ‘சர்வே கேம்ப்’ தேதி ஒட்டப்பட்ட அன்று சாயங்காலமே ஹாஸ்டலில் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். பெட்ஷீட், டார்ச், பக்கெட், மக், ஊறுகாய் பாட்டில், சீட்டுக்கட்டு... எல்லாம் ஞாபகம் வரும். கொசு விரட்டி? “அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் மச்சி” என்று ஒரு குரல். “எங்கம்மா தைலம் குடுத்து விட்டிருக்காங்க, அது போதும்” என்று இன்னொரு குரல். “கொசு என்னடா பண்ணும்? நாலு கடி கடிச்சிட்டுப் போயிடும்” என்று மூலையிலிருந்து மூன்றாவது குரல். அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

வெள்ளம் வரும் முன்னே அணை போட வேண்டும் என்பார்கள். அணை கட்டப் படிக்கிற சிவில் நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை! சர்வே கேம்ப் ஆனாலும், என்.எஸ்.எஸ். முகாம் ஆனாலும், நாலு பேர் சேர்ந்து மலையேறப் போனாலும், பையில் வைக்கும் கொசு விரட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படித் தடவுவது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

யார் யார் நம்மைக் கடிக்கிறார்கள்?

எதிரி யார் என்று தெரிந்தால்தான் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கேம்ப்பில் நம்மைத் தேடி வருபவர்கள் முக்கியமாக ஐந்து பேர்.

1. ஏடிஸ் கொசு: காலில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். பகலில் கடிக்கும். காலையில் வெயில் ஏறும் நேரமும், சூரியன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு விருந்து நேரம். டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் கொடை. 2006ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மூட்டு வலியோடு மக்கள் படுத்தது இதனால்தான். நாம் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு ரீடிங் எடுப்பதும் இதே நேரத்தில்தான் என்பதைக் கவனியுங்கள்.

2. அனோஃபிலிஸ் கொசு: பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வரும். மலேரியாவைப் பரப்பும். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897ல், நம் பக்கத்து செகந்திராபாத்தில்தான்.

3. க்யூலெக்ஸ் கொசு: இரவில் காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும். வயல்வெளித் தண்ணீரில் வளரும் இதன் இனங்கள் மூளைக்காய்ச்சலையும் பரப்பும்.

4. சிற்றுண்ணியும் உண்ணியும்: புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இது கடித்தால் வருவதுதான் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில், குறிப்பாக மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் இது வருகிறது. பெரிய உண்ணிகளும் சும்மா இல்லை. குரங்குக் காய்ச்சல் எனப்படும் க்யாசனூர் காட்டு நோய் 1957ல் கர்நாடகத்தின் சிவமோகா மாவட்டக் காட்டில் கண்டறியப்பட்டு, பின்னர் கேரளத்தின் வயநாடு வரை வந்துவிட்டது. அதைப் பரப்புவது உண்ணிதான்.

5. அட்டை: பூச்சி இல்லை என்றாலும் மழைக்காலத்தில் வால்பாறை, மேகமலைப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்க முடியாது. இது நோயைக் கொண்டுவருவதைவிட ரத்தத்தையும் தைரியத்தையும் கொண்டுபோவதுதான் அதிகம்!

ஆகவே, “ராத்திரி தூங்கும்போது மட்டும் தடவிக்கிட்டா போதும்” என்பது தவறு. பகலுக்கு ஓர் எதிரி, இரவுக்கு இரண்டு எதிரி, புல்தரைக்கு இன்னோர் எதிரி.

விரட்டி எப்படி வேலை செய்கிறது?

நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். நாம் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் போன்ற வாசனைகள், உடம்புச் சூடு ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு அது நம்மிடம் வருகிறது.

விரட்டி கொசுவைக் கொல்வதில்லை. அதன் மோப்பத்தைக் குழப்பி, தோலில் உட்கார விடாமல் செய்கிறது, அவ்வளவுதான். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். தடவிய இடத்தில் மட்டும்தான் பாதுகாப்பு. கையில் தடவி, கழுத்தை விட்டுவிட்டால், கொசு நேராகக் கழுத்துக்கு வரும். சட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு குனிந்து பெக் அடிக்கும்போது இடுப்பு தெரிந்தால் அங்கே உட்காரும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்!

கடையில் பெரும்பாலோர் பார்ப்பது முன்பக்கத்துப் படம், வாசனை, விலை ஆகிய மூன்றைத்தான். நாம் படிக்க வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்தை. அங்கே செயல்படும் மருந்தின் பெயரும் அதன் சதவீதமும் இருக்கும். அந்த ரெண்டும் இல்லாத பொருளை, எவ்வளவு மணமாக இருந்தாலும், கேம்ப்புக்கு வாங்காதீர்கள். பார்க்க வேண்டிய பெயர்கள் இவை:

டீட்: முழுப் பெயர் டைஎத்தில் டொலுவமைடு. அமெரிக்க ராணுவத்துக்காக 1946ல் உருவாக்கப்பட்டு, 1957ல் பொதுமக்கள் கைக்கு வந்தது. மிக அதிகமாக ஆராயப்பட்ட விரட்டி இதுவே. கொசு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றுக்கும் ஆகும். “டீட் விஷமாச்சே” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998லும் 2014லும் இதை மறுபடி ஆராய்ந்து, லேபிளில் உள்ளபடி பயன்படுத்தினால் கவலை இல்லை என்றே முடிவு சொன்னது. வாய்க்குள் போவது, கண்ணில் படுவது, அளவுக்கு மீறிப் பூசுவது ஆகியவைதான் ஆபத்து.

பிகாரிடின்: இகாரிடின் என்றும் எழுதியிருக்கும். 1980களில் ஜெர்மனியின் பேயர் கம்பெனி உருவாக்கியது. வாசனை குறைவு, பிசுபிசுப்பு குறைவு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காது. 20 சதவீதம் இருந்தால் டீட்டுக்குச் சமமாக நிற்கும்.

டைஎத்தில் பென்ஸமைடு: நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஓடோமாஸ் போன்ற க்ரீம்களில் 12 சதவீதம் இருப்பது இதுதான். டீட்டின் நெருங்கிய உறவுக்காரர். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

டெபா: டைஎத்தில் ஃபினைல் அசெட்டமைடு. குவாலியரில் உள்ள நம் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தின் தயாரிப்பு. குரங்குக் காய்ச்சல் பகுதிகளில் காட்டோர மக்களுக்குக் கர்நாடக அரசு வழங்கிவந்த எண்ணெய் இதுவே.

பி.எம்.டி.: எலுமிச்சை மணம் கொண்ட ஒருவகை யூகலிப்டஸ் இலையிலிருந்து பிரித்துச் செறிவாக்கப்படுவது. செடியிலிருந்து வரும் விரட்டிகளில் நம்பத்தக்கது. 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது.

சதவீதம் என்றால் பலம் அல்ல, நேரம்

இக்கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணே, 10 சதவீதத்தைவிட 30 சதவீதம் மூணு மடங்கு ஸ்ட்ராங்தானே?”

“இல்ல தம்பி. தடவின உடனே ரெண்டும் ஒரே மாதிரிதான் விரட்டும். 10 சதவீத டீட் சுமார் 2 மணி நேரம் நிக்கும். 25 சதவீதம் பக்கம் போனா சுமார் 5 மணி நேரம் நிக்கும்.”

“அப்போ 100 சதவீதம் வாங்கிட்டா நாள் பூரா நிக்குமே?”

“அதான் இல்ல. ஸ்ட்ரெஸ் - ஸ்ட்ரெய்ன் கர்வ் வரைஞ்சிருக்கியே, மேல போகப் போக வளைஞ்சு படுக்குதுல்ல? அது மாதிரிதான். 50 சதவீதத்துக்கு மேல போனா நேரம் பெருசா கூடாது. தோலுக்கும் பொருளுக்கும்தான் கெடுதல்.”

இதுதான் கணக்கு. ஒரு மணி நேரம் வாலிபால் ஆடப் போகிறவருக்குக் குறைந்த சதவீதமே போதும். காலை முழுவதும் புதருக்குள் நிற்பவருக்கு 20 முதல் 30 சதவீத டீட்டோ, 20 சதவீத பிகாரிடினோ சரியாக இருக்கும். லேபிளில் உள்ள நேரம் வியர்க்காத, நனையாத உடம்புக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். நம் வெயிலில், வியர்வையில், அதில் பாதியிலேயே மறுபடி தடவ வேண்டி வரலாம். முகம் கை கால் கழுவினால் தடவியதும் போச்சு.

அம்மா கொடுத்த தைலமும் பாட்டி சொன்ன நொச்சியும்

நம் வீட்டு வைத்தியத்தை இளக்காரமாகப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. ஆனால் எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரித் தைலம் யூகலிப்டஸ்தானே, அதுவும் பி.எம்.டி.யும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல. மரமே வேறு இனம். தைலத்தில் அதிகம் இருப்பது சினியோல் என்ற பொருள். சளிக்கு நல்லது, கொசுவைச் சிறிது நேரம் தள்ளி நிறுத்தும். அதை நம்பிக் காட்டுக்குள் போக முடியாது.

சிட்ரோனெல்லா எண்ணெய், அதாவது எலுமிச்சை மணம் வீசும் புல்லெண்ணெய், பக்க விளைவு குறைவானது. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். 2002ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒப்பீட்டுச் சோதனையில் 23.8 சதவீத டீட் சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சோயா எண்ணெய் சேர்த்த தயாரிப்பு ஒன்றரை மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா வகைகள் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. கையில் கட்டும் பட்டை? அது விரட்டவே இல்லை!

வேப்பெண்ணெய் கதை சுவையானது. 1990களின் தொடக்கத்தில் டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தார் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசிப் பார்த்ததில் அனோஃபிலிஸ் கொசுவுக்கு எதிராக நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் ஒரே சீராக வரவில்லை. ஆகவே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது வேப்பெண்ணெய் சரி. டெங்கு, உண்ணிக் காய்ச்சல் உள்ள இடத்தில் சோதித்து நிரூபித்த மருந்தே சரி. நொச்சி, வேப்பிலைப் புகையும் திறந்தவெளியில் கொஞ்சம் உதவும். மூடிய அறைக்குள் கொசுவோடு சேர்த்து நம்மையும் விரட்டும்.

வாங்க வேண்டாதவை

* கொசுவர்த்திச் சுருள்: டென்ட்டுக்குள் கூடவே கூடாது. 2003ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம். தவிர, டென்ட் துணியும் பாயும் தீப்பிடிக்கும். வெளியே, காற்றோட்டமான வராந்தாவில் வேண்டுமானால் வைக்கலாம்.

* லேபிள் இல்லாத கொசு ஊதுபத்தி: வீட்டில் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லிகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணும் மருந்தின் பெயரும் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

* பிளக்கில் சொருகும் திரவ மருந்து: கேம்ப் நடக்கும் பள்ளிக்கூடத்தில் கரண்ட் இருக்குமா, பிளக் பாயிண்ட் இருக்குமா என்பதே கேள்விக்குறி!

* சத்தம் எழுப்பும் மின்னணுக் கருவி, வைட்டமின் மாத்திரை, பூண்டு தின்பது: சோதனைகளில் எதுவும் தேறவில்லை. பூண்டு தின்றால் பக்கத்தில் படுக்கும் நண்பன் வேண்டுமானால் ஓடுவான்.

* பெர்மெத்ரின்: துணியிலும் கொசுவலையிலும் ஏற்றும் அருமையான மருந்து. ஆனால் துணி ஸ்ப்ரேயைத் தோலில் அடிக்கக் கூடாது. துணியில் அடித்து, நன்கு காய்ந்த பிறகே போட வேண்டும்.

தடவும் முறை

1. வெளியே தெரியும் தோலில் மட்டும், மெல்லிய ஒரு பூச்சு. கெட்டியாகப் பூசினால் கூடுதல் பலன் இல்லை. துணிக்கு அடியில் தடவ வேண்டாம்.

2. காதின் பின்பக்கம், பின்கழுத்து, கணுக்கால் ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். புல்லில் நடப்பவர்கள் சாக்ஸின் மேலும் பேன்ட்டின் ஓரத்திலும் தடவுங்கள்.

3. முகத்துக்கு நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கையில் எடுத்து, கண்ணையும் வாயையும் விட்டுத் தடவுங்கள். வெட்டுக்காயம், சிரங்கு, வெயிலில் உரிந்த தோல் ஆகியவற்றின் மேல் கூடாது.

4. வெயிலுக்கான க்ரீம் போடுபவர்கள் அதை முதலில் போட்டு, ஊறிய பிறகு விரட்டியைத் தடவுங்கள்.

5. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொசுவலைக்குள் படுப்பதாக இருந்தால் தடவியதை எல்லாம் கழுவிவிட்டே படுங்கள்.

6. ஸ்ப்ரே டப்பாவை கேம்ப் ஃபயர் பக்கமோ அடுப்புப் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்கும்.

7. முதல் தடவை வாங்கும் மருந்தை ஊரிலேயே முன்கையில் ஒரு ரூபாய் அளவு தடவி, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் மாற்றிவிடலாம். காட்டுக்குள் போய்ச் சோதனை வேண்டாம்.

டீட் வாங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக் கண்ணாடி ஃப்ரேம், வாட்ச் கண்ணாடி, கால்குலேட்டர், ரேயான், தோல் பொருள் எல்லாம் கெடும். பருத்தி, கம்பளி, நைலானுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கையோடு டோட்டல் ஸ்டேஷனின் கீபோர்டையும் டிஸ்ப்ளேயையும் தொட்டால்? லட்சக்கணக்கான ரூபாய் கருவி அது. தடவியதும் உள்ளங்கையையும் விரல்களையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டே கருவியைத் தொடுங்கள். கருவி பிடிக்கும் நண்பருக்கு பிகாரிடின் இன்னும் நல்லது.

கேம்ப் கணக்கு

எவ்வளவு வாங்குவது? காலை 6 மணிக்குக் களத்தில் இறங்கும்போது ஒரு தடவை, டீ பிரேக்கில் 10 மணிக்கு ஒரு தடவை, மாலை 4 மணிக்கு ஒரு தடவை. ஆக, நாளைக்கு மூன்று தடவை. ஒரு தடவைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 10 நாள் கேம்ப்புக்கு ஒருவருக்கு 60 கிராம். 40 பேர் கொண்ட பேட்ச்சுக்கு 2,400 கிராம், அதாவது 50 கிராம் ட்யூப் 48. தனித்தனியாக வாங்கினால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். பேட்ச் மொத்தமாகப் பணம் போட்டு மருந்துக் கடையில் வாங்கினால், “ட்யூப் இல்லை” என்று ஒருவர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் விரட்டி என்பது மூன்றாவது வேலிதான். முதல் வேலி இடம்: தேங்கிய தண்ணீரும் புதரும் இல்லாத இடத்தில் டென்ட். இரண்டாவது வேலி துணி: வெளிர் நிற முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் சொருகிய பேன்ட், இரவில் கொசுவலை. துவைத்த துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள், கொடி கட்டுங்கள். வெறும் புல்தரையில் படுக்காதீர்கள். சாயங்காலம் வந்ததும் உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வேலையெல்லாம் வேண்டாம். தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக மேலே இழுங்கள். அட்டையை நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

இதுதான் எல்லோரும் மறந்துபோகும் பகுதி. கடித்த அன்றே காய்ச்சல் வராது. டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் தலைகாட்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். மலேரியா அதையும் தாண்டி வரலாம். அதற்குள் நாம் கேம்ப் போய் வந்ததையே மறந்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்போம்.

கேம்ப் முடிந்து மூன்று, நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், “சார், நான் இன்ன தேதியில இன்ன மலைக்கு கேம்ப் போயிட்டு வந்தேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். அது உண்ணிக் காய்ச்சலின் முத்திரை. ஆனால் எல்லோருக்கும் அது வராது. புண் இல்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், டாக்டர் எழுதித் தரும் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். மலிவான மாத்திரைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நடுவே உள்ள தூரம், சில சமயம் நாம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான்.

மிச்சமான ட்யூபை வீட்டுக்குக் கொண்டுபோனால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு டீட் கூடவே கூடாது, அவர்களுக்குக் கொசுவலைதான். பெரிய குழந்தைகளுக்கும் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள்தான் தடவிவிட வேண்டும்.

ஆகவே நண்பர்களே! அடுத்த முறை நோட்டீஸ் போர்டில் கேம்ப் தேதியைப் பார்த்ததும், பட்டியலில் டார்ச்சுக்கு அடுத்த வரியிலேயே கொசு விரட்டியை எழுதுங்கள். பக்கத்தில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் சேர்த்து எழுதுங்கள். கேம்ப்பிலிருந்து ஃபீல்டு புக் நிறைய ரீடிங்கும், மனசு நிறைய ஞாபகமும் கொண்டுவருவோம். காய்ச்சலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருவோம்!